பக்கத்தின் ஒரு துண்டை மட்டும் மாற்றினால் சேர்வருக்குப் போகிற சுமை குறையுமா?

ஜூன் 3, இரவு 8.20

வாசகர் ஒருவரின் கேள்வி, அவர் எழுதியபடியே: “அண்ணை, பழைய டொட் நெட் வெப் போர்ம்ஸ் பக்கம் ஒன்று என் கையில் இருக்கு. எந்தப் பட்டனை அமத்தினாலும் முழுப் பக்கமும் வெள்ளையாகிப் போய்த் திரும்பி வரும். எல்லாவற்றையும் அப்டேட் பேனலுக்குள் போட்டேன். இப்போது வெள்ளையாவதில்லை. ஆனால் எடுக்கிற நேரம் அதேதான். துண்டு மட்டும் வந்தால் கெதியாக வரத்தானே வேணும்?”

ஜூன் 3, இரவு 9.05

வரவேணும் என்றுதான் நானும் எட்டு மாதம் நம்பியிருந்தேன். வெள்ளையாகாமல் போனது கண்ணுக்குக் கிடைத்த லாபம். கம்பியில் போவது குறைந்ததா என்பது வேறு கணக்கு.

வெப் போர்ம்ஸ் என்கிற பழைய மைக்ரோசொஃப்ட் முறையில் பக்கத்தின் ஒரு பகுதியை மட்டும் புதுப்பிக்கிற பெட்டிதான் அப்டேட் பேனல். அது பட்டனைத் தடுத்துப் பிடித்து, பிரவுசர் வழக்கமாக அனுப்பும் அதே போர்மை ஜாவாஸ்கிரிப்ட் வழியாக அனுப்புகிறது. அதே போர்ம் என்றால் முழுப் போர்ம்தான். பேனலுக்கு வெளியே இருக்கிற கட்டங்களும் போகும், பக்கத்தின் நிலையை நினைவில் வைக்க உள்ளே மறைத்து வைத்திருக்கிற வியூஸ்டேட்டும் போகும். சேர்வரில் அந்தப் பக்கம் தொடக்கத்தில் இருந்து ஓடுகிறது. பக்கம் தொடங்கும்போது ஓடுகிற பேஜ் லோடும் உண்டு, அதற்குள் எழுதிய டேட்டாபேஸ் வேலையும் உண்டு. கடைசியாக எச்டிஎம்எல் வரைகிற இடத்தில் மட்டும் பேனலுக்குள் இருப்பதை வரைந்து அனுப்புகிறது. அதன் வாலில் புது வியூஸ்டேட் முழுதாகத் திரும்பி வருகிறது.

எஃப் 12 அமத்தி, நெட்வேர்க் பக்கத்தில் ஒரு கிளிக்கை மட்டும் பாருங்கள். பதிலைப் பார்க்கிற பழக்கம் எல்லோருக்கும் இருக்கு. அனுப்பியதைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு.

ஜூன் 4, காலை 6.50

நேற்று அவசரத்தில் எழுதியது. கதையைச் சொன்னால்தான் விளங்கும்.

யாழ்ப்பாண நகரத்துக்குள் ஒரு ஹாட்வெயார் கடை, ஊர்காவற்றுறையில் அதன் கிளை. பில், இருப்பு எல்லாம் ஒரே வெப் பக்கத்தில். சேர்வர் சிங்கப்பூரில். 2022 மின்வெட்டுக் காலத்தில் ரூட்டர் அடிக்கடி நின்றுபோக, கிளையில் லேப்டாப்பும் மொபைல் இணைய டொங்கிளுமாக மாறினார்கள். பிறகு கரண்ட் ஒழுங்காக வந்தும் டொங்கிள் போகவில்லை. அந்தக் காலத்தில்தான் இந்த வேலை என் தலையில் விழுந்தது.

கிளையில் பில் போடுகிற தங்கச்சி சொன்னது இதுதான்: “எண்ணை அடிச்சுட்டு டாப் அமத்தினா, அடுத்த கட்டத்துக்குப் போக ஒரு ரீ குடிக்கலாம் அண்ணா.” நான் யாழ்ப்பாணத்தில் ஃபைபர் லைனில் இருந்துகொண்டு “இங்கே நல்லாத்தானே ஓடுது” என்று பதில் சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்தாலும் வெட்கம்.

ஒரு சனிக்கிழமை பஸ் ஏறிப் போய், அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு இருந்து பார்த்தேன். அனுப்பியதைத் திறந்தேன். சாய்கோடு, சின்ன டபிள்யூ, பெரிய ஈ, பெரிய பீ என்று தொடங்கி உருட்ட உருட்ட முடியாத ஒரு எழுத்துக் குவியல். வியூஸ்டேட் மட்டும் 210 கிலோபைட். பொருள் பட்டியலின் 400 வரியும் அதற்குள் மடிந்து கிடந்தன. மற்றக் கட்டங்களோடு சேர்த்து 215. அன்று டொங்கிளின் மேலே போகிற வேகம் 512 கிலோபிட் அளவில். 215ஐ எட்டால் பெருக்கி 512ஆல் பிரித்தால் மூன்றரை செக்கனுக்குக் கிட்ட. சேர்வர் ஒரு எழுத்தையும் படிக்க முன்னமே மூன்றரை செக்கன்.

இது நடப்பது எண்ணை மாற்றி டாப் அமத்துகிற ஒவ்வொரு முறையும். கட்டம் மாறினவுடன் போர்மைத் தானாக அனுப்புகிற ஆட்டோ போஸ்ட்பேக் போட்டு வைத்திருந்தார் எனக்கு முந்தினவர். 12 பொருள் உள்ள ஒரு பில்லில் அளவும் கழிவுமாக 24 பயணம். ஒரு பில்லுக்கு ஐந்து மெகாபைட் மேலே போகிறது. வாங்கியது ஆணியும் இரண்டு பைப் முழங்கையும்.

ஜூன் 4, இரவு 10.10

ஜிசிப் என்கிற சுருக்கத்தைப் போட்டால் காணும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சரிதான், சேர்வரில் சுருக்கத்தைப் போட்டால் இரண்டு பக்கமும் சுருங்கும், அதை முதலில் செய்யுங்கள்.

ஜூன் 5, காலை 7.15

மேலே எழுதியது பிழை. இரண்டு பக்கமும் சுருங்காது. சேர்வரில் இருந்து வருகிற பதில்தான் சுருங்கும். பிரவுசர் அனுப்புகிற போர்ம் சுருங்காமல் அப்படியே போகும். பிரவுசர் அதைத் தானாகச் சுருக்குவதில்லை. இரவு பத்து மணிக்குப் பிறகு எழுதக்கூடாது என்று வீட்டிலும் சொல்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால் இதனால் என் பழைய கணக்கு இன்னும் மோசமாகிறது. கீழே வரும் பாதை அகலம், அதில் வருவதும் சுருங்கி வருகிறது. மேலே போகும் பாதை ஒடுக்கம், அதில் போவது விரிந்தபடியே போகிறது. துண்டுப் புதுப்பித்தலால் நாங்கள் மிச்சம் பிடித்தது ஏற்கனவே மலிவாக இருந்த பக்கத்தில்.

ஜூன் 7

கேள்வி கேட்ட தம்பி தன் பக்கத்தில் ஆறு பேனல் இருக்கு என்கிறார். பேனலின் அப்டேட் மோட் என்பதை மாற்றாமல் விட்டால் அது ‘ஆல்வேஸ்’. ஒரு பேனலுக்குள் பட்டனை அமத்தினால் ஆறும் வரையப்பட்டு ஆறும் வரும். ‘கண்டிஷனல்’ ஆக்குங்கள். பேஜ் லோடில் இருக்கிற டேட்டாபேஸ் வேலைகளில் இந்தத் துண்டுக்குத் தேவையில்லாததைப் பிரித்துத் தள்ளுங்கள். பொருள் பட்டியலுக்கு வியூஸ்டேட்டை நிறுத்துங்கள், அதை ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸில் இருந்து எடுத்தாலும் பரவாயில்லை. என் விஷயத்தில் 210 கிலோபைட் 9 ஆனது. வேறு எதையும் தொடவில்லை. தங்கச்சி அடுத்த நாள் கோல் எடுத்து “புது கொம்பியூட்டரா போட்டனீங்கள்?” என்று கேட்டார்.

ஜூன் 8

பதிலின் வடிவம் பற்றி ஒன்று. அப்டேட் பேனலின் பதில் சாதாரண எச்டிஎம்எல் இல்லை. நீளம், வகை, பேனலின் பெயர், உள்ளடக்கம் என்று நிமிர்ந்த கோடுகளால் பிரித்த சங்கிலி. முதலில் வருகிற எண்ணைப் பார்த்து இத்தனை எழுத்து என்று எண்ணி வெட்டித்தான் பிரவுசர் படிக்கும். நடுவில் யாராவது ஒரு சொல்லைச் செருகினால் எண்ணிக்கை குழம்பி, சேர்வரின் செய்தியைப் பிரிக்க முடியவில்லை என்று பிழை காட்டும்.

அந்தப் பிழையோடு ஒரு இரவு முழுக்கப் போராடினேன். காரணம், சோதனைக்காக நானே பேஜ் லோடில் போட்டிருந்த, பதிலுக்குள் நேரே சொல் எழுதுகிற ஒரு ரெஸ்பொன்ஸ் ரைட். எழுதியிருந்த சொல் ‘வந்தேன்’. வந்ததுதான் பிழை.

ஜூன் 11, இரவு 8.40

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதுகிறேன், பிழை என்னுடையது.

முழுப் பக்கம் வெள்ளையாகிப் போன காலத்தில் ஒரு நன்மை இருந்தது: வெள்ளையானதும் கை நிற்கும். துண்டாக மாற்றத் தொடங்கியதும் பக்கம் அசையாமல் நிற்கிறது. அமத்தினதா இல்லையா என்று தெரியாது. ஆகவே திருப்பி அமத்துவார்கள். அப்டேட் பேனலில் இரண்டாவது அழைப்பு போனால், பிரவுசர் முதலாவதைக் கைவிட்டுவிடும். கடைசியாகக் கேட்டதுக்குத்தான் மரியாதை. நானும் இதை வாசித்துவிட்டு, “நல்லது, இரட்டைப் பதிவு வராது” என்று இருந்தேன்.

பிரவுசர் கைவிட்டது பதிலைக் கேட்கிற வேலையை மட்டும். சேர்வருக்குப் போய்ச் சேர்ந்த வேலை அங்கே நடந்துகொண்டே இருந்தது. இரண்டும் ஒரே செஷன், அதாவது ஒரே ஆள் உள்ளே வந்த ஒரே அமர்வு, என்பதால் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நின்று, இரண்டும் வடிவாக முடிந்தன. 20 சீமெந்துப் பை விற்ற பில்லுக்கு இருப்பில் 40 குறைந்தது. மாத முடிவில் கிளை இருப்பு கழித்தல் 60 பை காட்டியது. முதலாளி ஐயா என்னைக் கூப்பிட்டு, “தம்பி, இல்லாத சீமெந்தை எப்படியப்பா வித்தனாங்கள்?” என்று கேட்டார். சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

இப்போது பில் திறக்கும்போதே சேர்வர் ஒரு எண் கொடுக்கிறது. அதே எண்ணோடு இரண்டாம் தரம் பதிவு வந்தால், பதிந்துவிட்டேன் என்று பழைய பதிலையே திருப்பிக் கொடுக்கும். பட்டனையும் அமத்தியவுடன் முடக்குகிறேன், ஆனால் நம்பியிருப்பது எண்ணைத்தான்.

ஜூன் 12

“பட்டனை முடக்கினால் காணாதா?” காணாது. டொங்கிள் பாதியில் அறுந்தால் பதில் வராது, பட்டன் திரும்ப உயிர் பெறும், மனிதர் திரும்ப அமத்துவார். அமத்தத்தானே வேணும்.

ஜூன் 19

கொஞ்சம் பழைய கதை. பக்கத்தை அசைக்காமல் ஜாவாஸ்கிரிப்ட் பின்னால் அனுப்புகிற இந்தப் பின்வாசல் அழைப்பு மைக்ரோசொஃப்டின் அவுட்லுக் வெப் மெயில் ஆட்கள் தங்கள் தேவைக்குச் செய்தது. 1999இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5ஓடு வெளியே வந்தது. 2004இல் ஜிமெயில், 2005 பெப்ரவரியில் கூகுள் மேப்ஸ். அதே பெப்ரவரியில் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் ஒரு கட்டுரையில் ஏஜாக்ஸ் என்று பெயர் வைத்தார். பெயரின் கடைசி எழுத்து எக்ஸ்எம்எல்லைக் குறிப்பது. இன்று எக்ஸ்எம்எல் அனுப்புகிற ஆளைத் தேடவேணும். 2007 தொடக்கத்தில் அப்டேட் பேனல் வந்தது, ஜாவாஸ்கிரிப்ட் ஒரு வரியும் தெரியாதவருக்கும் ஏஜாக்ஸ் என்று. தெரியாமலே செய்யலாம் என்பதுதான் அதன் அழகு. என்ன போகிறது என்று தெரியாமலே போனதும் அதனால்தான்.

ஜூலை 2

முதலாளி ஐயா சம்மதித்துவிட்டார், முழுதாகத் திருப்பி எழுதுகிறேன். ஹெச்டிஎம்எக்ஸ் எடுத்தேன், துண்டை மட்டும் கேட்டு வாங்கி மாற்றுகிற ஒரு ஜாவாஸ்கிரிப்ட் நூலகம். இங்கே போர்ம் முழுக்கப் போகத் தேவையில்லை. அளவுக் கட்டம் மாறினால் பில் எண், பொருள் எண், அளவு மட்டும் போகிறது. திரும்பி வருவது அந்த ஒரு வரியின் எச்டிஎம்எல். வியூஸ்டேட் என்ற பேச்சே இல்லை. மேலே 100 பைட்டுக்கும் குறைவான தரவு. ஆனால் ஒவ்வொரு அழைப்போடும் போகிற குறிப்புகளான ஹெடரும் குக்கியும் ஒரு கிலோபைட்டுக்குக் கிட்ட. கடிதத்தைவிட உறை பாரம்.

முதல் நாளே ஒரு முட்டாள்தனம். வரி முழுவதையும் மாற்றினேன். அந்த வரிக்குள்தான் தங்கச்சி எண் அடிக்கிற கட்டமும் இருக்கு. பதில் வந்து வரி மாறினதும் கட்டம் புதிது, கர்சர் போய்விட்டது. அவர் திரையைப் பார்த்து அடிப்பவர் இல்லை. நம்பர் பேடில் கை, கண் பொருளில். 25 அடித்தால் 2 பழைய கட்டத்தில் விழுந்தது, 5 காற்றில் போனது. இப்போது மாற்றுவது தொகைக் கட்டத்தை மட்டும். துண்டு சின்னதாக இருந்தால் பைட் மிச்சம் என்றுதான் நினைத்திருந்தேன், கைக்கும் அதுதான் நல்லதாம்.

இன்னொன்று. கெதியாக இரண்டு எண் மாற்றினால் இரண்டு அழைப்பு போகும். டொங்கிளில் எது முதலில் திரும்பும் என்று சொல்ல ஏலாது. பழைய பதில் பிந்தி வந்து புதிய தொகையின் மேல் உட்கார்ந்த நாளும் உண்டு. ஒரே கட்டத்தில் இருந்து புது அழைப்பு போனால் பழையதை விடு என்று இப்போது சொல்லி வைத்திருக்கிறேன். விட்டாலும் சேர்வரில் ஓடும், ஜூன் 11ஐப் பாருங்கள். தொகை கணக்குப் போடுவது இரண்டு தரம் நடந்தால் நட்டமில்லை.

ஜூலை 9

மத்தியானம் சாப்பிட்டு வந்த தங்கச்சி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். பில் அட்டவணையின் மூன்றாவது வரியில், தொகை இருக்கவேண்டிய இடத்தில், முழு லாகின் பக்கம். லோகோ, பாஸ்வேர்ட் கட்டம், எல்லாம் அந்த வரிக்குள் நெரிந்துகொண்டு.

செஷன் முடிந்துவிட்டது. சேர்வர் வழக்கம்போல லாகினுக்குப் போ என்று 302 சொன்னது. முழுப் பக்கமாக இருந்தால் பிரவுசர் அங்கே போயிருக்கும். பின்வாசல் அழைப்பில் பிரவுசர் அந்த 302ஐ என் ஜாவாஸ்கிரிப்டுக்குக் காட்டாமலே தானே பின்தொடர்ந்து, லாகின் பக்கத்தை எடுத்து, 200, எல்லாம் சரி என்று கையில் கொடுக்கும். ஹெச்டிஎம்எக்ஸும் நம்பிக்கையாகக் கொண்டுபோய் வரிக்குள் வைத்தது.

திருத்தம்: ஹெச்டிஎம்எக்ஸ் தன் அழைப்புகளில் தன்னை அடையாளம் காட்டும் ஒரு ஹெடரை வைக்கும். அது இருந்து செஷன் இல்லாவிட்டால் சேர்வர் 302 சொல்லாது. முழுப் பக்கத்தையும் லாகினுக்குத் திருப்பு என்று ஹெச்டிஎம்எக்ஸுக்கு விளங்கும் ஹெடரை அனுப்பும்.

ஜூலை 10

அவர் அந்த வரிக்குள் பாஸ்வேர்ட் அடித்து உள்ளே போகப் பார்த்தாராம். உள்ளேயும் போய்விட்டதாம். வரிக்குள் முகப்புப் பக்கம் வந்ததாம்.

ஜூலை 21

பின்போகும் பட்டன். இருப்புப் பட்டியலின் முகவரி ஒன்றே. ஹெச்டிஎம்எக்ஸ் கேட்டால் அட்டவணைத் துண்டைக் கொடுப்பேன், பிரவுசர் நேரே கேட்டால் முழுப் பக்கம் கொடுப்பேன். கெட்டித்தனம் என்று நினைத்தேன். வேறு தளத்துக்குப் போய்விட்டுப் பின்னால் வந்தால் தலையும் காலும் இல்லாமல் வெறும் அட்டவணை, கறுப்பு எழுத்தில். பிரவுசர் தன் கேச்சில் அந்த முகவரிக்குக் கடைசியாக வந்ததை வைத்திருந்தது, அது துண்டு. ஒரே முகவரியில் இரண்டு பதில் கொடுப்பதாக இருந்தால், எந்த ஹெடரைப் பார்த்துப் பதில் மாறுகிறது என்று ‘வேரி’ ஹெடரில் சொல்லவேணும். ஒரு வரி. சொன்னேன், போய்விட்டது. இன்றைக்குத் தொடங்கினால் துண்டுகளுக்குத் தனி முகவரியே வைப்பேன்.

ஆகஸ்ட் 6

முதலாளி ஐயாவுக்கு ஒரு திரை: இன்றைய விற்பனை, இரண்டு கடையும். ஐந்து செக்கனுக்கு ஒருமுறை அந்தத் துண்டு தானாகப் புதுப்பிக்கும். சின்னத் துண்டு, 300 பைட், என்ன பெரிய சுமை என்று இருந்தேன்.

மணிக்கு 720. ஒன்பது மணி நேரம் கடை, ஒரு திரைக்கு 6,480. நாலு திரையில் திறந்து வைத்திருக்கிறார்கள், 25,920. உறை ஒரு கிலோபைட் என்றால் நாளைக்கு 25 மெகாபைட்டுக்கு மேல் அனுப்புவது ‘புதிதாக ஏதும் உண்டா?’ என்று கேட்க. பில் நாளைக்கு 150 விழும். 150 தரம் திறக்கிற கதவை 25,920 தரம் தட்டுகிறோம்.

அதைவிடக் கள்ளமான விஷயம் ஒன்று. 20 நிமிடம் சும்மா இருந்தால் செஷன் முடியவேணும். இந்தத் திரை ஐந்து செக்கனுக்கு ஒருமுறை தட்டுவதால் செஷன் முடியவே முடியாது. ஆள் கடை பூட்டி வீட்டுக்குப் போனாலும் சேர்வரைப் பொறுத்தவரை அவர் கதிரையில்தான் இருக்கிறார்.

ஆகஸ்ட் 8

இரண்டு திருத்தம், ஒன்று வாசகர் சொன்னது, ஒன்று அனுபவம் சொன்னது.

வாசகர்: பிரவுசரும் சேர்வரும் பேசுகிற முறையின் பிந்திய பதிப்பான எச்டிடிபி 2இல் திரும்பத் திரும்பப் போகிற ஹெடர்கள் சுருங்கும், 25 மெகாபைட் கணக்கு அங்கே நிற்காது. உண்மை. பழைய விண்டோஸ் சேர்வரில் பக்கங்களைக் கொடுக்கிற மென்பொருளான ஐஐஎஸ் 8.5இல் எச்டிடிபி 2 இல்லை, அது 10இல்தான் வந்தது. நான் போட்டது பழைய சேர்வரின் கணக்கு.

அனுபவம்: தட்டுவதை விட்டு, சேர்வரே சொல்லட்டும் என்று எஸ்எஸ்இ வைத்தேன், ஒரு இணைப்பைத் திறந்தே வைத்திருப்பது. சேர்வரை மாற்ற முன்னம் சோதித்ததால் எச்டிடிபி 1.1. முதலாளி ஐயா பிரவுசர் டாப்பை மூடுகிறவர் இல்லை. ஆறு டாப் வரை ஓடியது, ஏழாவது திறந்தால் சுற்றிக்கொண்டே நின்றது. அங்கே ஒரு சேர்வருக்குப் பிரவுசர் ஆறு இணைப்புத்தான் திறக்கும். ஆறையும் என் திரைகளே பிடித்து வைத்திருந்தன. சேர்வர் மாறி எச்டிடிபி 2 வந்ததும் தீர்ந்தது. டாப் மட்டும் கூடிக்கொண்டே போகிறது.

ஆகஸ்ட் 30

ஜூன் மாதம் எழுதியதைத் திரும்ப வாசித்தேன். துண்டுப் புதுப்பித்தலைக் குற்றம் சொன்னதுபோல இருக்கு. குற்றம் வியூஸ்டேட்டில். அதை இன்றைக்குச் சோதித்துப் பார்த்தேன்.

புதிய இருப்புப் பக்கத்தில் ஹெச்டிஎம்எக்ஸை நிறுத்திவிட்டு, சாதாரண லிங்காக, முழுப் பக்கமாக ஊர்காவற்றுறையில் இருந்து திறந்தேன். ஸ்டைலும் ஸ்கிரிப்டும் கேச்சில் இருந்தன. வந்தது எச்டிஎம்எல் மட்டும், சுருங்கி 11 கிலோபைட். பதில் இணைப்பின் முதல் வீச்சில் பத்துப் பொதி, ஏறத்தாழ 14 கிலோபைட், போகும், அதற்குள் அடங்கிவிட்டது. ஆகவே போய்வருகிற நேரம் துண்டுக்கும் முழுப் பக்கத்துக்கும் கிட்டத்தட்ட ஒன்று. மூன்று தரம் பார்த்தேன், கண்ணால் வித்தியாசம் சொல்ல முடியவில்லை.

எனவே இருப்புப் பட்டியலில் துண்டை எடுத்துவிட்டேன். பின்போகும் பட்டன், வேரி ஹெடர் தொல்லையெல்லாம் அதோடு போயிற்று. பில் பக்கத்தில் வைத்திருக்கிறேன், தங்கச்சியின் கர்சருக்காக.

தம்பி, உங்கள் பக்கத்தில் வியூஸ்டேட் எவ்வளவு என்று இன்னும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 31

140 கிலோபைட்டாம்.

முதலாளி ஐயாவின் திரை இப்போது தானாக மாறுகிறது, பில் விழுந்த அடுத்த செக்கன். அவர் ஒவ்வொரு தரமும் எஃப் 5 அமத்தி, அது உண்மைதானா என்று பார்த்துக்கொள்கிறார். 11 கிலோபைட்தானே, அமத்தட்டும்.